நத்தைகள் கவிழ்ந்த பௌர்ணமி

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள் ஜ்வாலாமாலினி மூன்று தடவை தூது போய் வந்துவிட்டாள்.

முதல் தடவை வாசல் விளக்குக்காக. "அணைக்கச் சொல்லு அவனை" என்றார் அவள் கணவர் குணபாலன். அந்த 'அவன்' வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகன் ஷ்ரேயாஸ். நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். காதில் விழாமல் இருக்குமா? இருந்தாலும் அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "விளக்கை அணைப்பா" என்று சொன்ன பிறகுதான் அவன் கை சுவிட்சுக்குப் போயிற்று.

இரண்டாவது தடவை பேப்பருக்காக. மூன்றாவது தடவை எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது.

எட்டு மாதமாக இப்படித்தான். மீன்வளம் படித்த ஷ்ரேயாஸ் நெல்லூர்ப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊர் ஜினாலயத்துத் திருவிழாவில் யாரோ ஒருவர், "என்னா நயினார், உங்க பையன் இந்த வருஷம் எத்தினி லட்சம் உசுரை மார்க்கெட்டுக்கு அனுப்பினான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். குணபாலன் சமணர்; கண்ணுக்குத் தெரியாத உயிர் போய்விடும் என்று வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்காதவர். அன்று மகனோடு பேச்சை நிறுத்தியவர்தான். இரண்டு மாதம் முன்பு மகன் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தான். அப்போதும் அந்த வாய் திறக்கவில்லை. மகனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள். வயது ஐம்பத்து மூன்று. வாரம் ஐந்து நாளும் தொடக்கப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளோடு தொண்டை காயக் கத்திவிட்டு வந்தால், வீட்டில் இந்த இரண்டு பிள்ளைகள். முழங்கால் வலிக்கு மாத்திரை இருந்தது. இந்த வலிக்கு இல்லை.

திரும்பி வந்தவன் கையோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டு வந்திருந்தான். இரண்டடி நீளம், அறுபது லிட்டர், உப்புத் தண்ணீர். பவளத்தைத் துண்டு போட்டு வளர்த்தால் ஒன்று பத்தாகும், குட்டி மீன்களைப் பொரிக்க வைக்கலாம், எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை என்பது அவன் யோசனை. கல்லும் மணலும் போட்டு ஆறு வாரம் தண்ணீரைப் பழக்கினான். மூன்று வாரம் முன்பு ஒன்பது நத்தைகளையும் ஓர் இறாலையும் விட்டான். இன்றுதான் முதல் மீன்களும் பவளங்களும் வரப்போகின்றன.

அந்தப் பண்ணை முதலாளியும் விட்டபாடில்லை. 'ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறேன், வர்றியா இல்லையான்னு முடிவா சொல்லிடு' என்று செய்தி அனுப்பியிருந்தார்.

"தொட்டி நல்லபடியா நின்னுச்சுன்னா இங்கயே இருக்கேன்ம்மா" என்று ஷ்ரேயாஸ் முந்தைய நாள் சொல்லியிருந்தான். "இல்லன்னா போறேன். இந்த வீட்ல இருந்தும் இல்லாத மாதிரி எத்தினி நாளு இருக்கறது?"

இந்தத் தடவை போனால் அப்பாவும் மகனும் இந்தப் பிறவியில் பேசிக்கொள்ளப் போவதில்லை. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

"அம்மா, வா. நீயே பார்த்துச் சொல்லு." அவன் கைப்பேசியை நீட்டினான். சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ஆதவன் வீடியோவில் தெரிந்தான். ஆறரை மணி பஸ்ஸில் பெட்டியை ஏற்றியாக வேண்டும். அந்த அவசரம் அவன் குரலில் இருந்தது.

"வணக்கம்மா! இதப் பாருங்க, புளூ டாங். இன்னா கலரு! வீட்டுக்கு வர்றவங்க அசந்துடுவாங்க."

நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"வேணாம் ஆதவா" என்றான் ஷ்ரேயாஸ். "ஒரு சாணுக்கு மேல வளரும்மா அது. கடல்ல நாள் முழுக்கச் சுத்தற மீனு. நம்ம தொட்டியில நாலு தடவை வாலை ஆட்டினா சுவரு வந்துடும்."

"அப்ப டாம்சல் போட்டுக்கோங்க. எது நடந்தாலும் சாவாது. கெட்டி உசுரு."

"அது சாவாது. கூட இருக்கறது சாவும். ரவுடிம்மா. சின்னத் தொட்டியில அது முதல்ல வந்து உட்கார்ந்துச்சுன்னா, பின்னாடி வர்ற எல்லாரையும் மூலையில நிக்க வெச்சிடும்."

இங்கே ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"தம்பி, இன்னொரு உசுரைத் திங்காத மீன் இருக்குதா உங்கிட்ட?"

"இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லம்மா" என்றான் ஆதவன். பிறகு இன்னொரு தொட்டிக்குப் போனான். "இந்தா, பிளென்னி. பாசி மட்டும்தான் மேயும். கல்லைச் சொரண்டிச் சொரண்டித் திங்கும். சுத்த சைவம்."

பழுப்பு உடம்பு, துருத்திய கண், சிடுசிடுப்பான வாய். முன்கோபக்காரப் பெரியப்பா சைவத்துக்கு மாறினது போல் இருந்தது.

"இதையே அனுப்பு."

முதுகுப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் நின்றதை அவள் கவனித்தாள்.

"அது சைவம்தான்ம்மா" என்றான் ஷ்ரேயாஸ் தயங்கி. "ஆனா நம்ம தொட்டி புதுசு. கல்லு இன்னும் பளிச்சுனுதான் இருக்குது. மேயறதுக்குப் பாசி ஏது? ஒரே மாசத்துல வயிறு ஒட்டிச் செத்துடும். ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் கூப்பிடலாம்."

"அதைக் கூப்பிட்டா பட்டினி. மத்ததைக் கூப்பிட்டா பாவம்." அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீயே சொல்லுப்பா, என்னா கூப்பிடறதுன்னு."

"கோமாளி மீன் ஒரு ஜோடி. பண்ணையில பொரிச்சது. கடலையே பார்த்ததில்ல. யாரும் வலை போட்டுப் பிரிச்சுக் கொண்டு வரல. குருணைத் தீனி போட்டாப் போதும், யாரையும் துரத்தாது."

"அந்தத் தீனியில என்னா இருக்குது?"

"சுருள்பாசி ஜாஸ்தி. அப்புறம் கொஞ்சம்..."

"அந்தக் கொஞ்சத்தைச் சொல்லாத."

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி முடிவாயிற்று. கூட ஒரு குட்டி கோபி மீன். மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்குமாம், யார் வம்புக்கும் போகாதாம். "உன் சின்ன மாமா மாதிரி" என்றாள். ஷ்ரேயாஸ் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாயிற்று.

பவளத்தை அவள் மோதிரத்தில்தான் பார்த்திருந்தாள். ஆதவன் காட்டியதோ தண்ணீருக்குள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"இது கல்லு இல்லையா?"

"நூத்துக்கணக்கான உசுரு ஒண்ணாச் சேர்ந்து நிக்குதும்மா. கல்லுப் பவளம் எதுவும் வேணாம் ஆதவா. கடல்ல உடைச்சு எடுக்கறது சட்டப்படி தப்பு. உன் தொட்டியில வளர்ந்ததுல துண்டு போட்டது மட்டும் குடு. காளான் பவளம் ஒண்ணு, தோல் பவளம் ஒண்ணு, அந்தப் பச்சைப் புல்லுப் பவளம் ஒண்ணு."

"துண்டு போட்டா வலிக்காதா?"

"முருங்கைக் கொம்பு ஒடிச்சு நடற மாதிரிம்மா. ஒடிச்சது தழைக்கும், மரமும் தழைக்கும். ஆனா ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இடம் விடணும். கிட்ட வெச்சா ஒண்ணை ஒண்ணு எரிச்சிடும்."

அப்போதுதான் பேப்பருக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மாலினி, சின்னத் தொட்டி. கம்மியா வாங்கச் சொல்லு."

தொட்டியைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு.

"கம்மியாதான் வாங்கறேன்னு சொல்லும்மா" என்றான் மகன்.

நாலாவது தூது.

தொட்டி விளக்கு தானாக எரிவது காலை ஒன்பது மணிக்கு. விளக்கு எரிந்ததும் ஷ்ரேயாஸ் பார்த்தான்.

ஒன்பது நத்தைகளும் மணலில் மல்லாந்து கிடந்தன. இறால் கல் இடுக்கில் வெளிறிச் சுருண்டிருந்தது. நீண்ட வெள்ளை மீசை வைத்த சிவப்புக் கோடு இறால். அதற்கு அவன் 'மீசைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தான். கையை விட்டு எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். லட்சக்கணக்கில் இறால் வளர்த்து லாரியில் ஏற்றியவன் கண்ணிலிருந்து இந்த ஒற்றை இறாலுக்காகத் தண்ணீர் இறங்கியது.

உப்பைப் பார்த்தான், சூட்டைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"தினமும் குறையற தண்ணிக்குப் பதிலா என்னா தண்ணிம்மா ஊத்தினே?"

"நானா? நீதானே ஊத்தறே?"

"நான் பன்னெண்டு நாளா ஊத்தல. தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கவே இல்ல. நீ ஊத்தறேன்னு இருந்துட்டேன்."

"நீ ஊத்தறேன்னு நான் இருந்துட்டேன்."

வாய் விட்டுப் பேசுகிற வீடாக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அதற்குப் பன்னிரண்டு நாளாயிற்று.

ஷ்ரேயாஸ் நிமிர்ந்து கூடத்தின் மூலையைப் பார்த்தான். "அவருதான் ஏதோ செஞ்சிருக்காரு. அவருக்கு ஆரம்பத்துல இருந்தே இது பிடிக்கல."

குணபாலன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"மாலினி, அவன்கிட்ட சொல்லு. ஊத்தினது நான்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். சொல்ல என்ன இருக்கிறது.

"கண்ணாடியில கோடு போட்டு வெச்சிருந்தான். தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கிடுச்சு. யாரும் கவனிக்கற மாதிரி தெரியல." முப்பது வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர் அவர். கோடு என்றால் கோடுதான். "உள்ள உசுருங்க இருக்குதே, பாவம்னு குளிச்சிட்டு வந்து தினமும் ஒரு சொம்பு ஊத்தினேன். குழாய்த் தண்ணி இல்ல. ரெண்டு மடிப்புத் துணியில வடிகட்டி, ராத்திரி முழுக்கச் செம்புக் குடத்துல வெச்சு, திரும்ப வடிகட்டி ஊத்தினேன். நான் குடிக்கற தண்ணிதான்."

ஷ்ரேயாஸின் முகம் மாறியது. பண்ணையில் குளத்து நத்தைகளைக் கொல்ல மயில்துத்தம் போட்டவன் அவன். அதிலிருப்பதும் செம்புதான்.

"செம்பு விஷம்ப்பா" என்றான். "மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்!"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

குணபாலன் குனிந்து தொட்டியைப் பார்த்தார். "எத்தினி?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒன்பது நத்தை. ஒரு இறால்."

"பத்து." தலையை ஆட்டினார். போன வியாழக்கிழமைதான் மகாவீர் ஜெயந்தி. ஊர் ஜினாலயத்தில் கொல்லா விரதத்தைக் கணீரென்று வாசித்தவர் அவர். "எனக்கு இன்னைக்கு அன்னம் தண்ணி எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பூஜை அறைக்குள் போனார். அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றான் ஷ்ரேயாஸ். "செம்பு கல்லுலயே ஊறியிருக்கும். இந்தத் தொட்டியில இப்போதைக்குப் பவளம் நிக்காது. பெட்டி வந்ததும் ஆதவனுக்கே திருப்பி அனுப்பிடறேன். சாயங்காலம் முதலாளி கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிடறேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. களைப்புதான் வந்தது. எங்கேயாவது ஒரு சுவரில் சாய்ந்து, யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லாத இடத்தில், ஒரு நாள் முழுக்கக் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும் போலிருந்தது.

"திருப்பி அனுப்புவியா? இன்னும் அஞ்சு மணி நேரம் பைக்குள்ளயே அடைச்சு வெச்சா? அதுங்க நம்ம வீட்டுச் சண்டைக்கு என்னா பண்ணுச்சு? வண்டியை எடு."

பதினொன்றரைக்கு பஸ் கண்டக்டர் கூப்பிட்டார். பெயர் திருமலை என்றார். "சார், பௌர்ணமினு வண்டியை ஊருக்குள்ள விடல. திண்டிவனம் ரோட்டுல தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டிருக்கான். அங்கதான் நிக்கறேன். சீக்கிரம் வாங்க."

சீக்கிரமா? பௌர்ணமியும் ஞாயிறும் சேர்ந்துகொண்ட நாள். தெருவுக்குத் தெரு தடுப்பு. பாதி வழியில் போலீஸ்காரர் ஸ்கூட்டரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நடைதான். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே ஊர் ஊராக ஜனங்கள் கோயிலைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் மகனும் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

வரிசையாக நின்ற பஸ்களில் ஒன்றின் படியில் திருமலை உட்கார்ந்திருந்தார். தெர்மகோல் பெட்டி உள்ளே அவருடைய சீட்டின் மேல் இருந்தது. அதன் மேல் அவருடைய சொந்தத் துண்டு ஈரமாக விரித்திருந்தது.

"இந்நேரம் வண்டி திரும்பியிருக்கணும்மா. டைம் கீப்பர் கத்திட்டுப் போறாரு" என்றார். "பெட்டி மேல 'உயிர் உள்ளது'னு எழுதியிருந்துச்சு. கீழ வைக்கலாம்னா தார் ரோடு அடுப்பாட்டம் கொதிக்குது. யாருகிட்ட குடுத்துட்டுப் போறது?"

"டீ சாப்டுங்க சார்" என்று ஷ்ரேயாஸ் சட்டைப்பையில் கை வைத்தான்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. பொழைச்சா ஒரு போட்டோ அனுப்பு. என் பொண்ணுக்குக் காட்டறேன்." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பிற்று.

திரும்பும் வழி இன்னும் மோசம். வெள்ளைப் பெட்டியைக் கண்டவர்கள் எல்லாரும் ஏதோ தர்மம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, மோரா?"

"ஐஸா தம்பி? இங்க ஒண்ணு குடு."

"வரிசையில வாங்கப்பா, வரிசையில!" யாரோ ஒழுங்கு செய்யவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மோரும் இல்ல, ஐஸும் இல்ல" என்றாள் ஜ்வாலாமாலினி மூச்சு வாங்க. "உள்ள உசுரு இருக்குது. மீனு. வெயில்ல செத்துடும். கொஞ்சம் வழி விடுங்க."

முன்னாலிருந்தவர் திரும்பி, "மீனு போவுது, வழி விடுங்க" என்றார். அவருக்கு முன்னாலிருந்தவர் அதையே சொன்னார். அந்தப் பேச்சு அவர்களுக்கு முன்னால் ஓடியது, கூட்டம் பிளந்துகொண்டே போனது. சாமிக்கு வந்த ஜனம் மூன்று மீனுக்கு வழி விட்டதைச் சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எங்கிருந்தோ ஒரு குடை வந்து பெட்டிக்கு மேல் நின்றது. பிடித்திருந்தவள் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெண், ஜ்வாலாமாலினியின் வயதுதான் இருக்கும்.

"நீங்க கோயிலுக்குத் திரும்பற இடம் போயிடுச்சே" என்றாள் ஜ்வாலாமாலினி.

"இன்னைக்கு நடக்கறதுக்குன்னே கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்தவ நானு. இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தா காலு தேஞ்சிடுமா?" பெயர் கேட்டதற்கு ஜோதியம்மாள் என்றாள். ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாள். பெட்டியை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஜ்வாலாமாலினி அவள் போவதையே பார்த்தாள். முன்பின் தெரியாதவர்கள் ஒரு வார்த்தையை இவ்வளவு சுலபமாகக் கைமாற்றிக்கொள்கிறார்களே என்று இருந்தது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவளுக்குத் திக்கென்றது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் என்ன ஆனாரோ.

கூடத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று வரிசையாக நின்றன. பக்கத்தில் விலைச்சீட்டு பிரிக்காத பெரிய நீல பிளாஸ்டிக் தொட்டி. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் குணபாலன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே அவருடைய பழைய சைக்கிள் சாய்ந்து நின்றது. தெருக்கோடி ஆர்.ஓ. கடைக்கும் வீட்டுக்கும் மூன்று நடை.

எழுந்து நின்றார். ஜ்வாலாமாலினி பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள், 'அவன்கிட்ட சொல்லு' என்பதற்காக.

"ஷ்ரேயாஸ்" என்றார் அவர். "இந்தத் தண்ணி ஆகுமா, பாரு. நீ அந்தக் கடையில இருந்துதானே எடுத்துட்டு வருவே."

ஷ்ரேயாஸ் பெட்டியைக் கீழே வைத்தான். போய்ச் சோதிக்கும் கருவியை எடுத்து வந்து கேனில் நனைத்தான்.

"ஆகும்ப்பா."

"தொட்டி பிளாஸ்டிக்தான். எங்கயாவது உலோகம் இருக்குதான்னு கடைக்காரன்கிட்ட மூணு தடவை கேட்டேன். நாலாவது தடவை கேட்டதுக்கு அடிக்க வந்துட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை.

நீலத் தொட்டியில் உப்பைக் கரைத்தார்கள். மகன் அளந்து கொட்டினான், அப்பா பிளாஸ்டிக் கரண்டியால் கலக்கினார். பம்ப் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் பக்குவமாக மூன்று மணி நேரமாவது ஆகும் என்றான் ஷ்ரேயாஸ். அதுவரை பைகளின் வாயைத் திறந்து காற்றுக் குழாயைப் போட்டு வைத்தான். கோமாளி ஜோடி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று பவளங்களும் சுருங்கிப் போயிருந்தன. அது இயல்புதானாம். கோபி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

"அது பொழைக்குமா?" என்றார் குணபாலன்.

"தெரியலப்பா." கொஞ்சம் கழித்து, "நான் காலையில விஷம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"விஷத்தை விஷம்னுதான் சொல்லணும்." கலக்குவதை அவர் நிறுத்தவில்லை. "ஊத்தறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கறதுக்கு வாய் வரல. நத்தைக்கு ரெண்டு அறிவுன்னு படிச்சிருக்கேன். அதுங்களுக்கு இருந்தது எனக்கு இல்லாமப் போச்சு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ப்பா."

"தெரியும்." கரண்டி நின்றது. "நீ அந்த இறாலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னியே, அதைப் பார்த்தேன். அந்தப் பண்ணையில எப்படிடா அத்தினி நாளு இருந்தே?"

ஷ்ரேயாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "தூக்கமே வராதுப்பா" என்றான்.

ஜ்வாலாமாலினி அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை.

ஐந்தரைக்கு மேல் தண்ணீர் தயாரானது. மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. குழாயின் வாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். குணபாலன் உட்கார்ந்து விரலால் பிடித்துக்கொண்டார்.

"ஜாஸ்தி விடாதீங்க. நொடிக்கு ரெண்டு சொட்டு."

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஜன்னல் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது இறங்கினால் அவர் எதையும் வாயில் வைக்க மாட்டார். "தண்ணியாவது குடிங்கப்பா" என்றான் ஷ்ரேயாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே. ஜ்வாலாமாலினி வெந்நீரை ஆற்றி எடுத்து வந்து நீட்டியபோது, ஒரு கையால் வாங்கிக் குடித்தார். மற்ற கை குழாயை விடவில்லை.

சரியாக ஆறு மணிக்கு மேசை மேல் கைப்பேசி அடித்தது. இறால் பண்ணை முதலாளி.

ஷ்ரேயாஸின் இரண்டு கையும் முழங்கை வரை தண்ணீருக்குள். ஒரு பவளத்துண்டைப் புதுத் தொட்டியின் அடியில் நிறுத்திக்கொண்டிருந்தான். கைப்பேசியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் அம்மாவைப் பார்த்தான்.

"எடுத்துச் சொல்லிடும்மா..."

"நான் யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எனக்குக் களைப்பா இருக்குது. கையைத் துடைச்சிட்டுப் போய் நீயே பேசு."

குணபாலன் நிமிராமல், "போய்ப் பேசிட்டு வா. இதை நான் பார்த்துக்கறேன்" என்றார். போ என்கிறாரா, இரு என்கிறாரா, அந்தக் குரலில் எதுவும் பிடிபடவில்லை.

ஷ்ரேயாஸ் பவளத்தை மெல்ல விட்டான். துண்டால் கையைத் துடைத்தான். அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். கதவு ஒருக்களித்து மூடிற்று. அவன் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது, வார்த்தை புரியவில்லை.

எட்டு மாதமாக ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் காதைத் தீட்டியவள், இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பைக்குள் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

முணுமுணுப்பு நின்றது. ஆனாலும் அவன் உள்ளே வரவில்லை.

குணபாலனால் தாங்க முடியவில்லை. "மாலினி" என்றார் மெதுவாக. "போய்க் கேளேன். என்னா சொன்னான்?"

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அவன் உள்ள வரட்டும். நீங்களே கேளுங்க."